பூமிக்கு 454 கோடி வயது: எதிலிருந்து எண்ணுகிறோம்?

மார்ச் 4, காலை 10.20 (கேள்வி)

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பூமியின் வயது 454 கோடி ஆண்டு. ஆனால் பூமியில் கிடைத்த பழைய பாறைக்கு 403 கோடி ஆண்டுதான். நடுவில் 50 கோடி ஆண்டுக்குச் சாட்சியே இல்லை. தோண்டிக் கேட்டால், விண்கல்லை அளந்து சொன்னோம் என்கிறார்கள். எங்கிருந்தோ விழுந்த கல்லின் வயதைப் பூமியின் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்? இது அளவீடா, அனுமானமா?

மார்ச் 4, இரவு 9.05

கேள்வியின் முதல் பாதி சரி. கனடாவின் வடமேற்கில் இருக்கும் அகாஸ்டா நைஸ் பாறைக்கு 403 கோடி. கியூபெக்கில் இன்னொரு பாறைத்தொகுதி அதைவிடப் பழையது என்று சிலர் சொல்கிறார்கள், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியானாலும் முதல் சில பத்துக் கோடி ஆண்டுகளின் பாறை முழுசாகக் கையில் இல்லை. ஆரம்பத்தில் மேற்பரப்பு உருகிக் கிடந்தது. இறுகிய ஓடு மோதல்களில் உடைந்தது, உள்ளே அமிழ்ந்து மறுபடி உருகியது. பூமி தன் பழைய பக்கங்களைத் தானே அழித்துக்கொண்டே வந்த கோள்.

இரண்டாம் பாதியில்தான் கேள்வி வழுக்குகிறது. 1956-இல் அமெரிக்க வேதியியலர் கிளேர் பேட்டர்சன் வெளியிட்ட 455 கோடி (7 கோடி கூடக்குறைய) என்ற எண் விண்கல்லில் மட்டும் நிற்கவில்லை. பூமியின் காரீயத்தையும் அதே வரைபடத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னார். காரீயம் என்றே எழுதுகிறேன். வெறும் ஈயம் என்றால் சிலர் வெள்ளீயத்தை நினைத்துக்கொள்வார்கள்.

யுரேனியம்-238 சிதைந்து கடைசியில் காரீயம்-206 ஆகிறது, அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 காரீயம்-207 ஆகிறது, அரை ஆயுள் 70.4 கோடி. காரீயம்-204 எதன் சிதைவிலிருந்தும் வருவதில்லை. ஆதியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இன்றும். அதனால் மற்ற இரண்டையும் 204-ஆல் வகுத்துக்கொண்டால் அளவுகோல் நகராது.

அடுத்து, தொடக்கத்தில் காரீயம் எந்த விகிதத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு யுரேனியம் அறவே இல்லாத, அதே சமயம் காரீயம் உள்ள பொருள் வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் பெரும்பள்ளம் தோண்டிய கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லுக்குள் டிராய்லைட் என்ற இரும்பு சல்பைடு முண்டுகள் இருக்கின்றன. அவற்றில் யுரேனியம் ஏறக்குறைய இல்லை. ஆகவே அதிலுள்ள காரீயம் பிறந்த நாளிலிருந்து மாறவில்லை: 206/204 = 9.307, 207/204 = 10.294 (பிற்காலத் துல்லிய அளவு). கல் வகை விண்கற்களில் யுரேனியம் உண்டு. 206/204-ஐக் கிடையிலும் 207/204-ஐ நெடுக்கிலும் வைத்து வரைந்தால், அவற்றின் புள்ளிகள் மேலே தள்ளிப் போய் விழும். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்தால், எல்லாம் ஒரே காலத்தில், ஒரே காரீயத்திலிருந்து தொடங்கியவை. கோட்டின் சரிவுதான் வயது.

பூமிக்கு எந்தப் புள்ளியை வைப்பது? ஒரு பாறையை எடுத்தால் அது அந்தப் பாறையின் கதையைத்தான் சொல்லும். பேட்டர்சன் கடலடி வண்டலை எடுத்தார். பல நிலப்பரப்புகளின் காரீயத்தை ஆறுகள் கொண்டுவந்து கலந்து படிய வைத்த பொருள் அது, பூமியின் சராசரிக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தப் புள்ளியும் விண்கல் கோட்டின் மேலேயே வந்து விழுந்தது. உங்கள் கேள்விக்கு விடை இந்த ஒரு புள்ளி. அது கோட்டை விட்டு எட்டி விழுந்திருந்தால் விண்கல் வயது விண்கல்லோடு நின்றிருக்கும்.

மார்ச் 5, காலை 7.40 (கேள்வி கேட்டவர்)

ஒரு கோட்டின் சரிவிலிருந்து ஆண்டுக்கணக்கு எப்படி வருகிறது? அதைக் காட்டினால்தான் நம்புவேன்.

மார்ச் 5, மதியம் 1.30

கால்குலேட்டர் போதும். 100 கோடி ஆண்டை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலகில் யுரேனியம்-238-இன் சிதைவு மாறிலி 0.155125, 235-க்கு 0.98485. வயது 4.55 என்று வைத்துப் போடுவோம்.

0.155125 × 4.55 = 0.7058. இதை e-யின் (2.718 என்ற எண்ணின்) அடுக்காக ஏற்றினால் 2.0255. 1 கழித்தால் 1.0255.
0.98485 × 4.55 = 4.4811. e-யின் அடுக்கு 88.33. 1 கழித்தால் 87.33.
87.33-ஐ 1.0255-ஆல் வகுத்தால் 85.16. இன்றைய யுரேனியத்தில் 235-ஐப் போல 137.88 மடங்கு 238 இருக்கிறது, அதனால் 137.88-ஆல் மறுபடி வகுக்க வேண்டும். விடை 0.6176. கோட்டின் சரிவு இதுதான் இருக்க வேண்டும்.

வயதை 4.00 என்று மாற்றிப் போட்டால் சரிவு 0.425-க்கு இறங்கிவிடும். 55 கோடி ஆண்டு வித்தியாசத்தில் சரிவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வரைபடத்தில் கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். அனுமானத்துக்கு அங்கே இடமில்லை.

பலரும் தவறும் இடம், 1 கழிப்பது. மறந்தால் 0.316 வரும். அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை: அந்தக் காலத்தில் 238-க்கு 235 எந்த விகிதத்தில் இருந்தது என்பது. இன்று 0.00725. அன்றைக்கு மொத்த யுரேனியத்தில் கிட்டத்தட்ட 24 விழுக்காடு 235 தான். இன்று அதில் நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

மார்ச் 5, இரவு 11.10

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஓரிடத்தில் அளவுக்கு மீறி உறுதியாக எழுதிவிட்டேன். "கோட்டின் மேலேயே" என்றது 1956-இன் துல்லியத்துக்குச் சரி. இன்றைய துல்லியத்தில் பூமியின் சராசரிக் காரீயம் கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழுகிறது. அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் 440-லிருந்து 450 கோடிக்குள் ஏதோ ஒன்று வரும். அளவீட்டுப் பிழை இல்லை, நிஜமான விலகல். காரீயத்தின் ஒரு பங்கு பூமி உருவான பிறகு இரும்போடு சேர்ந்து கருவத்துக்கு (பூமியின் நடுவிலுள்ள இரும்பு உருண்டைக்கு) இறங்கியிருக்கலாம், அல்லது பெரிய மோதலின் வெப்பத்தில் ஆவியாகப் போயிருக்கலாம். இரண்டிலும் யுரேனியம்–காரீயக் கடிகாரம் தாமதமாகத் திருப்பி வைக்கப்பட்ட மாதிரி ஆகிறது.

மார்ச் 6, காலை 8.15

பூமியின் வயதை மிகக் குறைவாகக் கணித்த பிரிட்டிஷ் இயற்பியலர் கெல்வின் ஏன் தவறினார் என்று ஒருவர் கேட்டு, "கதிரியக்கம் அவருக்குத் தெரியாது" என்று தானே விடையும் எழுதியிருக்கிறார். எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதியிருக்கும். காரணம் அது இல்லை.

1862-இல் கெல்வின் செய்தது இது. உருகிய பூமி, தொடக்க வெப்பம் சுமார் 3,900 டிகிரி. இன்று சுரங்கத்தில் கீழே போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு 36 டிகிரி அளவில் வெப்பம் ஏறுகிறது. திடப்பொருள் கடத்தலால் மட்டும் குளிர்ந்து இந்த ஏற்றத்துக்கு வர எவ்வளவு காலம்? விடை 9.8 கோடி ஆண்டு. 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவே என்று எல்லை போட்டார். இப்போது 3,900-ஐ 36-ஆல் வகுத்துப் பாருங்கள்: 108 கிலோமீட்டர். அவர் கணக்கில் மேற்பரப்புக்கு வெப்பம் கொடுத்தது இந்த 100 கிலோமீட்டர் தோல் மட்டும். அடியில் இருக்கும் 6,000-க்கு மேற்பட்ட கிலோமீட்டரின் வெப்பம் இன்னும் கிளம்பவே இல்லை. இந்தத் தோலுக்குள் கதிரியக்கத்தைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது.

உண்மையில் தவறியது "கடத்தலால் மட்டும்" என்ற அடிப்படை. கவசம் (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவிலுள்ள பாறை அடுக்கு) திடமாக இருந்தும் மிக மெதுவாகப் புரள்கிறது, ஆழத்து வெப்பத்தை மேலே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இத்தனை காலத்துக்குப் பிறகும் மேலோட்டின் அடியில் சூடு குறையாமல் நிற்கிறது. கெல்வினிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-லேயே இதைச் சொன்னார். கேட்பாரில்லை.

மார்ச் 6, மாலை 6.50 (கேள்வி கேட்டவர்)

சரி, கோடும் சரிவும் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் 454 கோடி ஆண்டுக்கு முன் என்னதான் நடந்தது? அன்றைக்குப் பூமி "பிறந்தது" என்று சொல்லலாமா?

மார்ச் 7, காலை 6.30

சொல்ல முடியாது. இந்த இழையில் நான் எழுத நினைத்ததே இதைத்தான். வயது ஒரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணப்படும். பூமி ஒரு நிகழ்ச்சி இல்லை, சில கோடி ஆண்டு நீண்ட வேலை.

சூரிய மண்டலத்தில் முதலில் இறுகிய திடப்பொருளுக்கு வயது தெரியும்: 456.73 கோடி ஆண்டு. 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே போன்ற விண்கற்களை அறுத்தால் சாம்பல் நிறத்துக்குள் வெள்ளைத் திட்டுகள் தெரியும். கால்சியம், அலுமினியம் மிகுந்தவை. வாயு குளிர்ந்தபோது முதலில் உறைந்தவை இவை. பூஜ்ய நேரம் என்று இதைத்தான் வைக்கிறோம்.

அதற்குப் பிறகு தூசி ஒட்டி ஒட்டி மில்லிமீட்டர், சென்டிமீட்டர் வரை வளர்வதில் சிக்கல் இல்லை. மீட்டர் அளவு வந்ததும் தகராறு. சூரியனைச் சுற்றும் வாயுவுக்கு அழுத்தத்தின் தாங்கல் இருப்பதால் அது கல்லைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. கல்லுக்கு எப்போதும் எதிர்க்காற்று. மீட்டர் அளவுக் கல்தான் இதில் அதிகம் அடிபடும். சில நூறு ஆண்டுகளிலேயே சுழன்று சுழன்று சூரியனுக்குள் விழுந்துவிடும். ஒன்றோடொன்று மோதினாலும் ஒட்டாமல் உடையும். ஆகவே படிப்படியாக மீட்டர், கிலோமீட்டர் என்று ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், கூழாங்கற்கள் வாயுவில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, கூட்டம் அடர்ந்ததும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, நேரே நூறு கிலோமீட்டர் அளவிலான உருண்டைகளாக விழுந்தன என்பது. மீட்டர் படியைத் தாண்டிக் குதித்துவிட்டன.

அவற்றில் சீக்கிரம் பிறந்தவை உருகிவிட்டன. அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் (அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டு) அப்போது உயிரோடு இருந்தது, அடுப்பு வேலையை அதுவே செய்தது. இரும்பு நடுவில் இறங்கியது. இரும்பு விண்கற்கள் அந்த உருண்டைகளின் உடைந்த நெஞ்சுப் பகுதி. செவ்வாய் பாதி அளவை எட்ட 20 லட்சம் ஆண்டு போதுமானதாக இருந்தது. பூமிக்கு அந்த வேகம் இல்லை. செவ்வாய் அளவு கோள்கருக்கள் (வளர்ந்துகொண்டிருந்த கோள்கள்) ஒன்றை ஒன்று மோதிச் சேர்ந்ததில் கடைசி மோதல் எப்போது வரும் என்பதற்கு அட்டவணை கிடையாது.

மார்ச் 7, காலை 6.55

விட்டுப்போனது: 454 கோடி என்று அச்சாகும் எண்ணோடு 5 கோடி கூடக்குறைய என்பதும் சேர்த்தி. அதை அச்சிடாமல் விட்டுவிடுவதால்தான் பிறந்த நாள் போலத் தோன்றுகிறது.

மார்ச் 8, இரவு 8.40

பூமி முடிய எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு வேறு கடிகாரம் வேண்டும். ஹாஃப்னியம்-182 டங்ஸ்டன்-182 ஆகிறது, அரை ஆயுள் 89 லட்சம் ஆண்டு. ஹாஃப்னியம் பாறையோடு இருக்கும். டங்ஸ்டன் இரும்பைக் கண்டால் அதோடு போய்விடும். இரும்பு சீக்கிரமே கருவத்துக்கு இறங்கியிருந்தால், அதன் பிறகு கவசத்தில் சிதைந்த ஹாஃப்னியம் அங்கேயே டங்ஸ்டன்-182-ஆகச் சேர்ந்திருக்கும். கவசத்தில் 182 மிகுதி தெரியும். எல்லா ஹாஃப்னியமும் தீர்ந்த பிறகு இறங்கியிருந்தால் மிகுதி இருக்காது.

1995-இல் அளந்தவர்களுக்குப் பூமியும் ஆதி விண்கற்களும் ஒன்றாகத் தெரிந்தன. எனவே கருவம் பிரிந்தது 6 கோடி ஆண்டுக்கு அப்புறம் என்றார்கள். 2002-இல் தனித்தனிக் குழுக்கள் மறுபடி அளந்தபோது பூமியில் 10,000-க்கு 2 பங்கு மிகுதி இருப்பது தெரிந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம். கணக்கு 3 கோடி ஆண்டுக்கு இறங்கியது.

ஆனால் 3 கோடி என்பதையும் கடப்பாரை மாதிரி பிடித்துக்கொள்ளக் கூடாது. மோதிய கோள்கருவின் இரும்பு கவசப் பாறையோடு முழுக்கக் கலந்து, டங்ஸ்டனை மாற்றிக்கொண்டு இறங்கியதா, அல்லது கலக்காமல் நேரே கருவத்தில் போய்ச் சேர்ந்ததா? கலப்பு குறைவென்றால் பழைய உருண்டைகளின் மிகுதி அப்படியே தங்கிவிடும், பூமி நிஜத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது போலக் காட்டும்.

மார்ச் 9, மதியம் 12.05

கருவம் இரும்பு என்று யார் போய்ப் பார்த்தார்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம். மேற்பரப்புப் பாறை 2.7 முதல் 3.0. ஆகவே உள்ளே பாறையைவிட மிகக் கனமான ஒன்று நிறைய இருந்தாக வேண்டும். அதோடு நிலநடுக்க அலைகள். 1906-இல் ஓல்டம் கருவம் இருப்பதைக் காட்டினார். மேலிருந்து 2,900 கிலோமீட்டரில் திரவத்தில் போக முடியாத குறுக்கலை நின்றுவிடுகிறது, ஆகவே அங்கே திரவம். 1936-இல் இங்கெ லேமன் என்ற டென்மார்க் ஆய்வாளர் அதற்குள் இன்னொரு உட்கருவம் இருப்பதைக் கண்டுபிடித்தார், ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர், திடம்.

மார்ச் 9, இரவு 10.30

நிலா. செவ்வாய் அளவுள்ள ஒன்று மோதியதில் தெறித்த பொருளிலிருந்து உண்டானது என்பதுதான் இன்னும் வலுவான விளக்கம். நிலாவின் இரும்புக் கருவம் மிகச் சிறியது, ஏனென்றால் தெறித்தது பெரும்பாலும் கவசப் பாறை. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ மாதிரிகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் பூமியோடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்துகிறது. இது ஆதரவும்தான், இடைஞ்சலும்தான். பழைய மாதிரிக் கணக்குகளில் நிலாவின் பெரும்பங்கு மோதிய பொருளிலிருந்து வர வேண்டும், அதன் ஆக்சிஜன் பூமியைப் போலவே இருந்திருக்கத் தேவையில்லை.

மோதலின் தேதி இன்னும் 451 கோடிக்கும் 435 கோடிக்கும் நடுவே ஆடுகிறது. பூமியின் வேலை முடிந்தது அந்த மோதலோடுதான் என்று வைத்தால், 454-ஐவிடக் குறைந்த எண் வந்தாலும் ஆச்சரியமில்லை.

மார்ச் 11, காலை 9.00

பழைய பாறை இல்லாவிட்டாலும் பழைய துகள் இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில், சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள வண்டல் பாறைக்குள் சிர்கான் படிகங்கள் அகப்பட்டுக் கிடக்கின்றன. ஒன்றுக்கு 440.4 கோடி ஆண்டு என்று 2001-இல் வெளிவந்தது. தாய்ப்பாறை அழிந்துவிட்டது, மணி மட்டும் மிச்சம்.

சிர்கான் வளரும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், காரீயத்தை ஒதுக்கும். கடிகாரம் பூஜ்யத்தில் தொடங்குகிறது. முழு மணியையும் கரைத்து அளக்கும் முறை இப்படிப் போகும். பாறையை நொறுக்கிச் சலித்து, மெத்திலீன் அயோடைடில் (அடர்த்தி 3.3) போடுவார்கள். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், 4.6 அடர்த்தியுள்ள சிர்கான் அடியில் இறங்கும். காந்தப் பிரிப்பானில் இரும்புள்ள கனிமங்கள் கழியும். மிஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள்: விரிசல் இல்லாதது, கலங்கல் இல்லாதது. பொறுக்கியதை 900 டிகிரியில் இரண்டு நாளுக்கு மேல் வாட்டி, பிறகு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் 200 டிகிரிக்கு அருகே அரை நாள் வைப்பார்கள். கதிரியக்கத்தால் சிதைந்து காரீயம் கசிந்த பகுதிகள் மட்டும் முதலில் கரைந்து போகும். மிச்சமிருக்கும் கெட்டியான பகுதியை முழுக்கக் கரைத்து, அளவு தெரிந்த காரீயம்-205, யுரேனியம்-233, 235 கலவையைச் சேர்த்து, பிரித்து, ரீனியம் இழையில் ஏற்றி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில்) வைப்பார்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில். ஒன்று, வெளிக் காரீயம். தூசி, அமிலம், கையுறை எல்லாவற்றிலும் காரீயம் உண்டு. நல்ல கூடத்தில் இது ஒரு பிக்கோகிராமுக்குக் கீழே இருக்கும், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பேட்டர்சன் தன் ஆய்வுக்கூடத்தைத் தூசி நுழையாமல் கட்டப் போராடியதும் இதற்காகத்தான். அந்தப் போராட்டம்தான் அவரைப் பெட்ரோலில் காரீயம் கலப்பதை எதிர்ப்பதில் கொண்டுபோய் விட்டது. இரண்டு, காரீயக் கசிவு. வயது குறைந்து காட்டும். இரண்டு யுரேனியக் கடிகாரங்களும் வெவ்வேறு வயது சொன்னால் கசிவு என்று தெரிந்துகொள்ளலாம். கசிவு அண்மையில் நடந்ததென்றால் 207/206 விகிதம் மட்டும் அசையாமல் நிற்கும். 440.4 கோடிக்கு அது 0.559. மூன்று, ஒரே மணிக்குள் பழைய நெஞ்சும் புதிய ஓடும். கரைத்தால் இரண்டும் கலந்து, எந்தக் காலத்தையும் சேராத வயது வரும். அதற்குத்தான் 20, 30 மைக்ரான் புள்ளியில் அயனிக் கற்றையால் சுரண்டி அளக்கும் கருவி. ஜாக் ஹில்ஸ் மணிகளை அதில்தான் அளந்தார்கள்.

மார்ச் 11, மாலை 4.20

மேலே எழுதியதற்கு நியாயமான எதிர்க்கேள்வி வந்திருக்கிறது: காரீயம் வெளியே போகாமல் மணிக்குள்ளேயே ஓரிடத்தில் திரண்டு, கற்றை அந்தத் திரட்டில் பட்டால் வயது கூடிக் காட்டாதா? காட்டும். 2014-இல் ஒரு ஜாக் ஹில்ஸ் மணியை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். காரீயம் திரண்டுதான் இருந்தது, ஆனால் திரட்டுகள் 10 நானோமீட்டர் அளவு, இடைவெளியும் சில பத்து நானோமீட்டர்தான். 20 மைக்ரான் புள்ளிக்குள் அவை ஆயிரக்கணக்கில் அடங்கி, சராசரி கெடாமல் இருக்கும். அந்த மணியின் வயது 437.4 கோடி என்று நின்றது. 440.4-ஐவிட எனக்கு இந்த எண்ணின் மேல்தான் நம்பிக்கை.

மார்ச் 12, காலை 7.10

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத் தனி இழையாக வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும்: ஜாக் ஹில்ஸ் மணிகள் சிலவற்றில் கனமான ஆக்சிஜன்-18 சற்றுக் கூடுதல். குறைந்த வெப்பத்தில் தண்ணீரோடு ஊறிய பாறை உருகினால்தான் அப்படி வரும். 430 கோடி ஆண்டுக்கு முன்பே திரவ நீர் இருந்திருக்கிறது.

மார்ச் 14, இரவு 9.45 (கேள்வி கேட்டவர்)

மார்ச் 5 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 0.6176 சரியாக வந்தது. ஆனால் வேறோர் இடத்தில் 137.88-க்குப் பதில் 137.818 என்று இருக்கிறது. எது சரி?

மார்ச் 14, இரவு 11.20

137.818 தான் இன்றைய அளவு, பூமியின் சிர்கான்களில் அளந்தது. 137.88 பல பத்தாண்டு எல்லோரும் பழகிப்போன எண், பழைய அட்டவணைகளோடு ஒத்துப்போகட்டும் என்று அதைப் போட்டேன். அதே சரிவுக்கு 137.818 போட்டால் வயது சுமார் 6.5 லட்சம் ஆண்டு குறையும். பூமியின் 5 கோடி கூடக்குறையவில் அது தெரியவே தெரியாது. வெள்ளைத் திட்டுகளுக்கு அப்படி விட முடியாது. 456.73 கோடிக்கு அவர்கள் தரும் பிழை 1.6 லட்சம் ஆண்டுதான். போதாததற்கு அந்தத் திட்டுகளில் யுரேனிய விகிதமே ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது என்று 2010-இல் தெரிந்தது. ஆகவே அங்கே எந்தப் பொது எண்ணையும் போடக் கூடாது. ஒவ்வொரு திட்டுக்கும் 238/235-ஐத் தனியாக அளந்து அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும்.